உறுமினால்தான் கம்ப்யூட்டரா?

போன செவ்வாய்க்கிழமை பிரின்டரைப் பார்க்க ஒரு தம்பி வந்தார். பிரின்டரைப் பார்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுப்படிப் பக்கம் போய் அவருக்குக் காபி சொல்லிவிட்டு நான் திரும்புவதற்குள், மேஜைக்கு அடியில் இருந்த என் கம்ப்யூட்டரின் பட்டனைத் தட்டியிருக்கிறார். திரை உடனே வரவில்லை. அதனால் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டார். நாற்பது நிமிடம் தொண்டை காய வாசித்துப் பதிவு செய்து, இன்னும் சேமிக்காமல் வைத்திருந்த ஓர் அத்தியாயம் நாலைந்து விநாடியில் போய்ச் சேர்ந்தது. பிறகு அந்த மென்பொருள் பெரிய மனது பண்ணி முதல் பாதியை மட்டும் மீட்டுக் கொடுத்தது.

“மெஷின் ஆஃப்ல இருக்குன்னு நெனைச்சேன் சார். சத்தமே வரலையே!”

“முன்னாடி லைட் எரிஞ்சுதே தம்பி?”

“எரிஞ்சுது சார். ஆனா சத்தம் வரலையே.”

கண்ணெதிரே விளக்கு எரிகிறது, அதை நம்பவில்லை. காதுக்குச் சத்தம் கேட்கவில்லை, அதை நம்பினார். அத்தோடு விட்டாரா? காபியை ஆற்றிக்கொண்டே எனக்கு ஒரு வகுப்பும் எடுத்தார். ஃபேன் ஏதோ வேலை செய்யவில்லையாம். போர்டு போய்விடுமாம். “நல்ல மெஷின்னா கொஞ்சம் சவுண்டு இருக்கும் சார். அதான் பவரு.”

இவர் ஒருவர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு பிரின்டருக்கான காசைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் இதே பொன்மொழியை என் மைத்துனர் சொல்லியிருக்கிறார், வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் சொல்லியிருக்கிறார், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் எதிர்வீட்டுப் பையன்கூடச் சொல்லியிருக்கிறான். ஒரு நாடே சேர்ந்து இந்த மூடநம்பிக்கையை வளர்த்து வைத்திருக்கிறது. உறுமுகிற பெட்டி பலசாலி, அமைதியான பெட்டி ஒன்று சோப்ளாங்கி, இல்லையென்றால் பிணம். பகுத்தறிவு பேசிய ஊரில்தான் இதுவும் நடக்கிறது.

நான் வீட்டில் உட்கார்ந்து புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிறவன். மைக்குக்கு இரக்கம் கிடையாது. நம் காது பத்து நிமிடத்தில் பழகிக்கொண்டு மறந்துவிடும் இரைச்சலை அது ஒரு துளி விடாமல் எழுதி வைத்துக்கொள்ளும். கதாநாயகி சாகக் கிடக்கிறாள், வாசிப்பவர் ஒரு விநாடி நிறுத்துகிறார், அந்த நிசப்தத்தில் ‘ஊ...’ என்று கேட்கிறது. அது சோகக் காற்று அல்ல, என் கம்ப்யூட்டர் விசிறி. பிறகு மென்பொருளை வைத்து இரைச்சலை நீக்கலாம் என்பார்கள். நீக்கலாம்தான். நீக்கிய பிறகு நாம் தகர டின்னுக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் இருக்கும். ஆகவே இந்தச் சண்டை எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் இட்லிக்கு மாவு எதில் ஆட்டுகிறீர்கள்? கிரைண்டரிலா, மிக்ஸியிலா?

மிக்ஸி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிறது. தெருக்கோடி வரை கேட்கிறது. குழந்தை அழுகிறது, பூனை ஓடுகிறது. ஜாரைத் தொட்டுப் பாருங்கள், மாவு சூடாகியிருக்கும். அந்த மாவில் வார்த்த இட்லியை மாமியார் தட்டில் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். கிரைண்டரோ பெரிய கல், மெதுவான சுற்று. அவசரமே படாது. ஆனால் உளுந்து பொங்கப் பொங்க வரும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். எந்த ஊர் மிக்ஸிக்காவது கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சத்தம்தான் பவர் என்றால் நாம் ஏன் தலைமுறை தலைமுறையாகக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்? அடுப்படியில் இருக்கும்வரை இந்த உண்மை நமக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மேஜைக்கு அடியில் குனிந்தவுடன் மறந்துவிடுகிறது. (எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஓடும்போது நான் ஒலிப்பதிவு செய்வதில்லை என்பது வேறு விஷயம்.)

கம்ப்யூட்டர் விசிறியும் இதே கிரைண்டர் கதைதான். பழைய பெட்டிகளில் பின்பக்கம் 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்று இருக்கும், உள்ளங்கை அகலம். இப்போது சாதாரணமாகக் கிடைப்பது 120 மில்லிமீட்டர். ஒன்றரை மடங்குதானே என்று நினைக்காதீர்கள். பரப்பளவில் அது இரண்டேகால் மடங்கு. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே சின்ன விசிறி தள்ளுகிற காற்றைத் தள்ளிவிடும். சின்னது அதே காற்றைத் தள்ள வேண்டுமானால் மிக்ஸியாக மாற வேண்டும்.

வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகிறது. அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு இரண்டு. விசிறி தின்கிற மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். சரி, காற்று பாதியாகிவிட்டதே என்று கவலைப்படுபவர் பக்கத்தில் இன்னொரு விசிறியை மாட்டிக்கொள்ளட்டும். ஒரே மாதிரி இரண்டு விசிறி ஓடினால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். பதினைந்தில் மூன்று போனால் பன்னிரண்டு. ஒரு விசிறி முழு வேகத்தில் கொடுத்த காற்றை இரண்டு விசிறிகள் அரை வேகத்தில் 12 டெசிபல் குறைவாகக் கொடுக்கின்றன. இது எட்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. இதைக் கல்லூரியில் படிக்கும் எதிர்வீட்டுப் பையனுக்குச் சொன்னேன். “ஆனா அங்கிள், ஃபீல் இருக்காதே” என்றான். ஃபீல்!

உறுமல் பலத்தின் அடையாளமே இல்லை. காய்ச்சல்காரன் மூச்சு வாங்குவானே, அதுதான் அது. பிராசஸரின் மேல் உட்காரும் கூலரின் தகடுகளுக்கு நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், பிராசஸருக்கு மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும், சூடு வெளியே போக வழி இருக்காது. பாவம், அந்த விசிறி தலைதெறிக்கச் சுற்றி உதவிக்குக் கூப்பிடுகிறது. நாம் பக்கத்தில் நின்று “என்னா பவரு!” என்று மெச்சுகிறோம். ஆஸ்துமாக்காரரைப் பார்த்து “எப்படி மூச்சு விடுறார் பாரு” என்று கைதட்டுவோமா?

ஃபேன் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. விசிறியிலிருந்து வரும் மூன்றாவது கம்பி எதற்கு என்று அந்தத் தம்பியைக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்பு அனுப்பி, நான் இன்ன வேகத்தில் சுற்றுகிறேன் என்று மதர்போர்டுக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. பிராசஸர் விசிறி நின்றுபோனால் பெரும்பாலான போர்டுகள் தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். அதையும் மீறிச் சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இன்னும் ஏறினால் தானே அணைந்துவிடும். இத்தனை காவல் உள்ள ஒரு பொருளுக்கு நாம் வெளியே நின்று சத்தத்தை வைத்து நாடி பார்க்கிறோம்.

இந்த பயபக்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறைதான் ஞாபகம் வருகிறது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போக வேண்டும். வகுப்பறையில் நாங்கள் ஐம்பது பேர் வெந்து கொண்டிருப்போம், உள்ளே ஐந்து பெட்டிகளுக்கு ஏசி. வேலை முடிந்ததும் சூடு ஆறுவதற்கு முன்பே பூப்போட்ட துணி உறையைப் போட்டு மூடிவிடுவார்கள், கர்ப்பகிரகத்துக்குத் திரை போடுவதுபோல. அந்த அறை முழுக்க ஓர் இரைச்சல் இருக்கும், அதுதான் விஞ்ஞானத்தின் சத்தம் என்று நினைத்துக்கொண்டோம். அன்று செருப்பைக் கழற்றிய தலைமுறைதான் இன்று பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. இது தமிழ்நாட்டின் தேசிய கம்ப்யூட்டர் வைத்தியம். கதவு மூடியிருந்தால்தான் முன்னால் நுழைகிற காற்று சூடான இடங்களைத் தடவிக்கொண்டு பின்னால் போகும். திறந்து போட்டால் காற்று தன்னிஷ்டத்துக்குத் திரியும், கூடவே தெருப்புழுதியும் குடியேறும். ஆறே மாதத்தில் கூலருக்குள் கம்பளி. பிறகு இன்னும் பெரிய டேபிள் ஃபேன்.

அந்தப் பெட்டியை ‘சி.பி.யூ.’ என்று சொல்வதையும் நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கப் போவதில்லை. சி.பி.யூ. என்பது உள்ளே இருக்கும் ஒரு சில்லு. பஸ்ஸையே என்ஜின் என்று சொல்வீர்களா? “என்ஜின்ல ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கினேன்” என்றா? சரி, இது வேறு சண்டை.

கடைக்காரர்களுக்கு வருவோம். புதுப் பெட்டி அசெம்பிள் பண்ணச் சொன்னால் முகப்பில் கண்ணாடி, உள்ளே வானவில் விளக்கோடு நாலைந்து விசிறி வைத்த கேபினெட்டைத்தான் முதலில் காட்டுகிறார்கள். கல்யாண மண்டப வாசல் மாதிரி மின்னும். முகப்பு முழுக்கக் கண்ணாடி என்றால் காற்று எந்த வழியாக உள்ளே போகும் என்று கேட்டுப் பாருங்கள். ஓரத்தில் விரல் நுழையாத சந்தைக் காட்டுவார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ஓட்டக்காரன் அது. அதைவிடக் கொடுமை, அந்த விசிறிகளை மதர்போர்டில் மாட்டுவதே இல்லை. மோலெக்ஸ் என்கிற நாலு முள் இணைப்பில், மின்சாரம் தருகிற எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு நேராகச் சொருகிவிடுகிறார்கள். 12 வோல்ட், முழு வேகம், இருபத்து நாலு மணி நேரமும். நீங்கள் கணக்கு எழுதினாலும் அதே வேகம், சும்மா வால்பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதே வேகம். சீலிங் ஃபேனை மார்கழி மாதத்தில் ஐந்தில் விட்டுவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்கிற புத்திசாலித்தனம்.

சில இடங்களில் போர்டில்தான் மாட்டுவார்கள். ஆனால் மூன்று கம்பி விசிறியை மாட்டிவிட்டு, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் நாலு கம்பிக்கான அமைப்பை அப்படியே விட்டுவிடுவார்கள். மூன்று கம்பி விசிறியின் வேகத்தை வோல்டேஜைக் குறைத்துத்தான் அடக்க முடியும். போர்டோ இல்லாத நாலாவது கம்பியில் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கும். விசிறிக்குக் காது இல்லை, முழு வேகத்தில் கத்தும். பயாஸுக்குள் போய் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். மாற்ற மாட்டார்கள். “விண்டோஸை ஃபார்மட் பண்ணிப் பாக்கலாம் சார்” என்பார்கள். தலைவலியா, ஃபார்மட். பல்வலியா, ஃபார்மட்.

கரகரவென்று சத்தம் போடும் பழைய விசிறிக்கு இன்னொரு வைத்தியம் உண்டு. நடுவிலிருக்கும் ஸ்டிக்கரைப் பிரித்து ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். மலிவான விசிறிகளின் தாங்கியில் எண்ணெய் காய்ந்துபோவதால்தான் அந்தக் கரகரப்பு, எனவே சில மாதம் இது பலிக்கும். தேங்காய் எண்ணெய் விட்டவரையும் பார்த்திருக்கிறேன். அவர் விசிறி பிசுபிசுத்து நின்றது, வாசனை மட்டும் வந்தது.

என் பெட்டி எப்படி அமைதியானது என்பதைச் சொல்கிறேன். இதில் ராக்கெட் வித்தை ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கக் கதவைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு விசிறியின் நடுக் குமிழையும் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தொட்டு ஒரு விநாடி நிறுத்தினேன். எது நின்றால் வீடு நிம்மதியாகிறதோ அதுதான் குற்றவாளி. எனக்கு இரண்டு பேர் அகப்பட்டார்கள். பின்பக்கத்து 80 மில்லிமீட்டர் குட்டிச்சாத்தான் ஒன்று, பிராசஸரோடு இலவசமாக வந்த கூலர் இன்னொன்று. பிறகு புளோயரால் தூசியை ஊதினேன். (ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அது பம்பரமாகச் சுற்றுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும், தாங்கி போய்விடும். கடைகளில் அந்த வேடிக்கையை ரசித்துச் செய்கிறார்கள்.)

சென்னைக்குப் போன சித்தப்பா மகனிடம் சொல்லி ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து மூன்று 120 மில்லிமீட்டர் விசிறியும், அதே அளவு விசிறி வைத்த உயரமான கூலர் ஒன்றும், 120க்கு இடமுள்ள சாதாரணக் கேபினெட் ஒன்றும் வாங்கிவரச் செய்தேன். எதிலும் விளக்கு இல்லை. கடைக்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாராம். ஆஸ்திரிய நாட்டு நாக்டுவா விசிறிகள் இந்த விஷயத்தில் பெயர் பெற்றவை. பால் அதிகமான காபியும் பால் குறைந்த காபியும் போல இரண்டு பழுப்பு நிறத்தில் வரும். இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் விட்டிருக்கிறார்கள் ஒரு மாடலில். அந்த விலைக்கு இங்கே ஒரு சீலிங் ஃபேனே வாங்கலாம் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆர்க்டிக் பி12 போதும். அதுவும் மெதுவாகச் சுற்றினால் அமைதியாகத்தான் இருக்கிறது, ஏழை விசிறி என்பதால் கூடுதலாகக் கத்துவதில்லை.

மாட்டிய அன்றே அமைதி வந்துவிடவில்லை. பயாஸில் தொழிற்சாலை வைத்த கணக்கு அப்படியே இருந்தது. ஒரு மென்பொருளைத் திறந்தால் ‘வ்ரூம்’ என்று ஏறும், இரண்டு விநாடியில் இறங்கும், மறுபடி ஏறும். பிராசஸர் சில்லு நகக்கண் அளவுதான், அதில் சூடு நொடியில் ஏறி நொடியில் இறங்கும். அதன் பின்னாலேயே விசிறி ஓடினால் பைத்தியம்தான் பிடிக்கும். காதுக்கு ஒரே சீரான சத்தத்தைவிட ஏறி இறங்குகிற சத்தம்தான் எரிச்சல். ஆகவே 50 டிகிரி வரை நிமிடத்துக்கு 700 சுற்று, 70இல் 1,000, 85ஐத் தாண்டினால்தான் முழு வேகம் என்று கோடு போட்டேன். சூடு ஏறினாலும் பத்து விநாடி பொறுத்துத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று தாமதமும் வைத்தேன். 1,100 சுற்றுக்குப் பக்கத்தில் என் பெட்டியின் தகடு தம்புரா மாதிரி ரீங்கரித்தது. திருகாணிக்குப் பதில் ரப்பர் முளைகளை வைத்து விசிறிகளைத் தொங்கவிட்டேன், அந்த வேகத்தில் தங்காமல் தாண்டிப் போகும்படி கோட்டையும் திருத்தினேன். தம்புரா நின்றது. இதற்கெல்லாம் இரண்டு மாலைப்பொழுது ஆனது. பண்டிகைக்கு முறுக்குச் சுடுவதைவிடக் குறைவான வேலை.

பலன் என்ன? என் பிராசஸர் 65 வாட் வகை, 100 டிகிரி வரை தாங்கும். முன்பு இலவசக் கூலர் 2,600 சுற்றில் அலறியபோது, வீடியோ ஏற்றுமதியின் நடுவில் அது 79 டிகிரியில் நின்றது. இப்போது 900 சுற்றில், மதுரைச் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், அதே வேலைக்கு 67. சத்தமும் போயிற்று, சூடும் குறைந்தது. பவர் கூடிவிட்டதா என்று கேட்கிறீர்களா? வேலை முன்பு ஆன அதே நேரத்தில்தான் முடிகிறது. அந்த அலறல் அத்தனையும் வெறும் அலறல். கிரைண்டர், ஐயா, கிரைண்டர்!

இன்னும் நம்பாதவர்களுக்கு என் அக்கா மகளின் மடிக்கணினியைக் காட்டுகிறேன். 2020 நவம்பரில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எம்1 மேக்புக் ஏர். அதில் விசிறியே கிடையாது. அரை வேகத்தில் சுற்றவில்லை, கால் வேகத்தில் சுற்றவில்லை, இல்லவே இல்லை. ஒரு தோசைக்கல் கனத்தில் இருக்கும் அந்தத் தட்டில் அவள் வீடியோ வெட்டுகிறாள். தம்பியின் சித்தாந்தப்படி அது செத்து அஞ்சு வருஷமாகிறது. பாவம், செய்தி அதற்குத் தெரியாது. இதைச் சொன்னால், அது வேறு ஜாதிச் சில்லு, அதை உங்கள் பெட்டியோடு ஒப்பிடலாமா என்று ஒருவர் வருவார். அவர் வீட்டிலும் மாவு கிரைண்டரில்தான் ஆடுகிறது.

விசிறியைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆப்பிள் 1980இல் ஆப்பிள் III கொண்டுவந்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் விசிறியே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். பெட்டி சூடேறி உள்ளே சில்லுகள் இருக்கையை விட்டு எழுந்துகொண்டன. மேஜையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சரியாகிவிடும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொன்னார்கள். நம் கடைகளில் தட்டிப் பார்ப்பதற்கு உலகத் தரத்தில் முன்னுதாரணம் இருக்கிறது என்பதைத் தவிர இதில் நமக்கு லாபம் இல்லை.

நம்மூர்ச் சீலிங் ஃபேனிலேயே இந்தப் பாடம் தொங்கிக்கொண்டிருக்கிறது. பழைய கட்டை ரெகுலேட்டரை எடுத்துவிட்டுச் சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்த வீடுகளில் இரண்டில் வைத்தால் ஃபேன் ‘கொர்’ என்று முனகும், கவனித்திருப்பீர்கள். நொடிக்கு நூறு முறை மின்சார அலையை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் வரும் முனகல் அது. கம்ப்யூட்டரின் நாலு கம்பி விசிறியையும் வெட்டி வெட்டித்தான் அடக்குகிறார்கள். ஆனால் இன்டெல் அதற்கு வகுத்த வேகம் நொடிக்கு 25,000 முறை. மனிதக் காதுக்கு 20,000க்கு மேல் கேட்காது. யாரோ ஒரு பொறியாளர் நம் காதை நினைத்துப் பார்த்து அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நாம் அந்தக் கம்பியை விட்டுவிட்டு மோலெக்ஸில் சொருகுகிறோம். இப்போது கடைகடையாக பி.எல்.டி.சி. ஃபேன் என்று விற்கிறார்களே, 75 வாட்டுக்குப் பதில் 30 வாட்டில் ஓடுகிறது என்று, அந்த மோட்டார் கம்ப்யூட்டர் விசிறிகளில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்த ஃபேனை வாங்கி மாட்டிய என் மாமா ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். “காத்தே வரல மாப்ளே.” காற்று வந்தது, காலண்டர் பறந்தது. சத்தம்தான் வரவில்லை.

இந்த ஊருக்கே காது மந்தமாகிவிட்டதா, இல்லை அமைதியைக் கண்டால் பயமா என்று எனக்குச் சந்தேகம். புல்லட் வாங்குகிறவன் முதல் வேலையாக சைலன்ஸரைக் கழற்றி, டப் டப் என்று வெடிக்கிற குழாயை மாட்டுகிறான். பொருளின் பெயரே சைலன்ஸர்! நிறைகுடம் பற்றிய பழமொழியை இங்கே எடுத்துவிடலாம்தான். ஆனால் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட எங்கள் வாத்தியாரே புல்லட்டில்தான் வந்தார். மின்சார ஸ்கூட்டர் வாங்கிய நண்பரிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “மேட்டுல ஏறுமா?” சத்தம் இல்லாதது மேட்டில் ஏறாது. ஆடி மாதம் பிறந்தால் மின்கம்பத்துக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர். அம்மனுக்கு அது கேட்கிறதோ இல்லையோ, மூன்று தெரு தள்ளி இருக்கும் என் மைக்குக்குக் கேட்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்துக்கு மேல் 45 என்று 2000ஆம் ஆண்டிலிருந்தே மத்திய அரசின் விதி இருக்கிறது. விதி அமைதியாக இருக்கிறது, அதனால் அது உயிரோடு இருப்பதாக யாரும் நம்புவதில்லை.

அத்தியாயத்தின் பிற்பாதியை அன்றிரவே மறுபடி வாசித்து முடித்தேன். மறுநாள் ஓர் அட்டையை வெட்டி, ‘ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டனைத் தொடாதீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதிப் பெட்டியின் முகத்தில் ஒட்டினேன். காபி டம்ளரை எடுக்க வந்த மனைவி அதை ஒருமுறை படித்தாள்.

“ஏங்க, ஒண்ணு கேக்கவா? அந்தப் பழைய ஃபேன் அட்டாலிலதானே கெடக்கு?”

“ஆமா.”

“அதையே மாட்டியிருந்தா இந்த போர்டு எழுதுற வேலை மிச்சம்ல?”

அட்டை இன்னும் ஒட்டியபடிதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி மறுபடி வருகிறார். பிரின்டர் இன்னும் சரியாகவில்லை.